அம்மாவுக்குக் காசநோய், பிள்ளையை யாரிடம் கொடுப்பது?

காசநோய் உள்ள தாய் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதையாவது தெரிந்துகொண்டு போகட்டும். மார்பிலேயே காசநோய்க் கட்டி இருக்கும் அபூர்வமான நிலையைத் தவிர, பாலில் கிருமி வராது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளியேறும் மூச்சில்தான் அது வருகிறது. ஆகவே கவனிக்க வேண்டியது அந்த அறையின் காற்றை.

என் தங்கை மகளுக்கு ஒன்பதாம் மாதத்தில்தான் நோய் பிடிபட்டது. தங்கை இப்போது இல்லை. பெரியம்மா என்ற முறையில் பிரசவம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. அவருடைய பெற்றோர் கிள்ளானில்.

அவளுக்கு அதற்கு முன்பே வெகு நாளாக இருமல் இருந்தது. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். பிள்ளை மேலே ஏறி நெஞ்சை அழுத்துகிறது என்றார் ஒருவர். எடை ஏறவில்லை, மசக்கை இன்னும் விடவில்லை போல என்றார் இன்னொருவர். இரவில் சட்டை நனைய வியர்த்தது. கோலாலம்பூரில் யாருக்குத்தான் வியர்க்காது? கிளினிக்கில் ஒரு மிசிதான் (தாதி) பேனாவை வைத்துவிட்டு, "எத்தனை நாளா இந்த இருமல்?" என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் என்றதும் சளிப் பரிசோதனைக்கு எழுதிவிட்டார். கர்ப்பத்தில் காசநோய் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், எடை ஏறாமை எல்லாமே கர்ப்பத்தின் கணக்கில் போய்விடும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் கர்ப்பிணியாக இருந்தாலும் சளியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு நெஞ்சுக்கு எக்ஸ்ரேகூட எடுக்கலாம்.

சளியில் கிருமி இருந்தது. இப்போது ஜீன்எக்ஸ்பெர்ட் என்று ஓர் இயந்திரம் உண்டு. கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது அடங்குமா அடங்காதா என்பதையும் அது சில மணி நேரத்தில் சொல்லிவிடும். இவளுடையது அடங்கும் வகை. இந்த ஒரு தகவலை வைத்துத்தான் பின்னால் எல்லாமே முடிவாயிற்று. மருந்துக்கு அடங்காத வகையாக இருந்தால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டிவரும். ஆகவே உங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நான்கு மருந்தும் சேர்ந்த மாத்திரையை உடனே ஆரம்பித்தார்கள். கர்ப்பிணிகளுக்கு அது கொடுக்கலாம். பழைய காலத்து ஸ்டிரெப்டோமைசின் ஊசிதான் ஆகாது, பிள்ளையின் காதைக் கெடுக்கும். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆவதற்குள் வலி எடுத்துவிட்டது. நல்ல சிகிச்சையில் இரண்டு வாரம் ஆனால்தான் பொதுவாகத் தொற்று அடங்கியதாகக் கொள்வார்கள். அதாவது பிள்ளை பிறக்கும்போது தாய் இன்னும் பிறருக்குத் தொற்றக்கூடிய நிலையில்தான் இருந்தாள்.

பிறந்தவுடன் நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கைக்குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் காலையில் வயிற்றுக்குள் மெல்லிய குழாய் விட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். சோதனைகள் முடியும்வரை பிள்ளை குழந்தைகள் பிரிவில், தாய் தனி அறையில். பாலைப் பிழிந்து கொடுத்தோம். முகக்கவரி (மாஸ்க்) போட்டு, கையை முழங்கைவரை சோப்பால் கழுவிவிட்டுப் பிழிய வேண்டும். பிழிந்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் வீட்டு அறைகள் 30 டிகிரி இருக்கும், அதை நம்பாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டு போங்கள். குளிர்பெட்டியில் 4 நாள் இருக்கும். ஊட்டுவதற்குப் பாலாடைதான் கை கொடுத்தது. பழைய வெள்ளிச் சங்கு ஒன்றும் வீட்டில் இருந்தது. ஆனால் அதன் மூக்குக்குள் பிரஷ் போகவில்லை, அதனால் அதை எடுக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் சம்பந்தியம்மா கிள்ளானிலிருந்து வந்தார். "பிள்ளைய நாங்க தூக்கிட்டுப் போயிடறோம் சம்பந்தி. தாய் தேறட்டும், அப்புறம் கொண்டாந்து விடறோம். மாவுப் பால் கொடுத்தா குடிச்சுட்டுப் போகுது." நல்ல மனதோடுதான் சொன்னார். மாப்பிள்ளையும் தலையாட்டினார். தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழந்தைகள் டாக்டர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கிள்ளான் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? யாராவது இருமுகிறார்களா?" சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். "எங்க வீட்டுக்காரர்தான். அது சிகரெட் இருமல், கல்யாணம் ஆனதிலேர்ந்து இருக்கு."

மலேசியாவில் காசநோய் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அரசாங்கத்துக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். தெரிவித்ததும் நெருங்கிப் பழகியவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் கிள்ளான் வீட்டுப் பெரியவரின் எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது, சளியில் கிருமியும் இருந்தது. கல்யாணம் ஆன முதல் வருடம் முழுவதும் இவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாரும் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டு முகக்கவரி போட்ட தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி, மருந்தும் இல்லாமல் கவரியும் இல்லாமல் இருமிக்கொண்டிருந்தவரின் மடியில் போட இருந்தோம்.

அதனால் எனக்கு இப்போது ஒரு கருத்து உறுதியாக இருக்கிறது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், யாரிடம் கொடுக்கப் போகிறோம் என்று கேளுங்கள். அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே எங்கே? நம் வீடுகளில் தாயை மட்டும்தான் நோயாளியாகப் பார்க்கிறோம். தாத்தா இருமினால் அது இருமல், தாய் இருமினால் அது வியாதி.

எங்கள் வீட்டிலும் என்னையும் சேர்த்து எல்லாரும் எக்ஸ்ரே எடுத்தோம். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி உண்டு. அது இருப்பவர்களைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். அதனால் அந்த முதல் வாரங்களில் அவள் அறைக்குள் போகும்போது எனக்கு என்95 கவரி. தாய்க்குச் சாதாரண அறுவைக் கவரி போதும், அது கிருமியை வெளியே விடாமல் பிடிப்பதற்கு. உள்ளே போகிறவர்களுக்குத்தான் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வேண்டும். பிள்ளைக்கு எந்தக் கவரியும் கூடாது, மூச்சு முட்டிவிடும். சின்னதாய்த் தைத்து அழகாக விற்கிறார்களே என்று வாங்கிவிடாதீர்கள்.

அறை விஷயத்தில்தான் பெரிய சண்டை. காசநோய்க் கிருமி மூடிய அறையில் ஊதுபத்திப் புகை மாதிரி. ஆள் எழுந்து போன பிறகும் காற்றில் நிற்கும். ஜன்னலைத் திறந்துவிட்டால் கலைந்து போகும். வெயில் பட்டால் செத்துப்போகும். ஆனால் பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். பிரசவ அறையில் ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணி திணித்து வைப்பார்கள். நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கடைசியில் இப்படிச் செய்தோம்: அவளுக்குக் காதைச் சுற்றித் துணி கட்டி, காலுறை போட்டு, சால்வை போர்த்திவிட்டு ஜன்னலைத் திறந்தோம். சம்பந்தியம்மாவுக்கும் திருப்தி, டாக்டருக்கும் திருப்தி.

ஜன்னலோரம் தாயின் கட்டில். பிள்ளையின் தொட்டில் அறையின் உள்பக்கம், வாசல் கதவை ஒட்டி. நிற்கும் காற்றாடியைக் கதவுப் பக்கம் வைத்து ஜன்னலை நோக்கித் திருப்பினோம். காற்று பிள்ளையைக் கடந்து தாயிடம் போய், அங்கிருந்து வெளியே போக வேண்டும். திருப்பி வைத்தால் காரியம் கெட்டது. ஏர்கோனை அணைத்தே வைத்தோம், அது அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடும். ஜன்னல் திறந்தால் கொசு வரும், டிங்கி பயம், ஆகவே தொட்டிலுக்குக் கொசுவலை. புகைமூட்டம் வந்த நாட்கள்தான் சோதனை. காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறந்து வைப்பதும் பிள்ளைக்குக் கெடுதல். அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளையைக் கூடத்தில் என்னோடு படுக்க வைத்தேன். பால் நேரத்துக்கு மட்டும் தாயிடம் கொண்டுபோனோம்.

சாம்பிராணி நிறுத்தியாகிவிட்டது. குளிப்பாட்டியபின் பிள்ளைக்குப் புகை காட்டாமல் இருந்தால் சளி பிடிக்கும் என்பார்கள். பிறந்த பிள்ளையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் வேண்டாம். அதைவிட முக்கியமானது ஒன்று. குளிப்பாட்டும் பாட்டிமார் சிலர் பிள்ளையின் மூக்கில் வாயை வைத்து ஊதிச் சளி எடுப்பார்கள், மூக்கில் எண்ணெய் விடுவார்கள். பெரியவரின் வாயிலிருந்து பிள்ளையின் நெஞ்சுக்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை. எங்கள் மாடியிலேயே கைராசிக்காரர் என்று பேர் வாங்கிய ஒரு பாட்டி வந்தார். "உடம்புக்கு ஊற்றுங்க பாட்டி, மூக்குப் பக்கம் வேணாம்" என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொண்டு மறுநாள் வரவில்லை. சரி, வராவிட்டால் போகட்டும்.

பிள்ளைக்கு நோய் இல்லை என்று சோதனைகள் சொன்னபிறகும், இனி வராமல் தடுக்க மருந்து உண்டு. ஐசோனியாசிட், தினமும், ஆறு மாதம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் டாக்டர் எழுதிக் கொடுப்பார். பிள்ளை எடை கூடக் கூட அளவும் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் எடை போட்ட பிறகே மருந்து வாங்குங்கள். மூன்று மாதம் கொடுத்துவிட்டுக் கையில் மாண்டூ ஊசி (காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று தோலில் பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்து நிறுத்தும் முறையும் இருக்கிறது. எங்களுக்கு ஆறு மாதம் என்றார்கள். பொடித்த மாத்திரையை ஒரு தேக்கரண்டிப் பாலில் கரைத்துப் பசியோடு இருக்கும்போது கொடுத்துவிட வேண்டும். புட்டிப் பாலில் கலந்தால், பாதி குடித்துத் தூங்கிவிட்டால் எவ்வளவு போனது என்றே தெரியாது. தாய் சாப்பிடும் மருந்தும் பாலில் கொஞ்சம் வரத்தான் செய்யும். அது பிள்ளையைக் கெடுக்கும் அளவும் இல்லை, காக்கும் அளவும் இல்லை. 'அதான் பால்லயே மருந்து போகுதே' என்று பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

தாயின் மாத்திரையைக் கிளினிக்கில் ஒருவர் முன்னால் விழுங்க வேண்டும் என்பது வழக்கம். பிரசவித்தவள் தினம் போக முடியாது என்பதால் வீட்டில் என்னைச் சாட்சியாகப் போட்டார்கள். வெறும் வயிற்றில், பசியாறுவதற்கு முன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீரும் அந்த நிறம் காட்டும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கண் மஞ்சளானாலோ வாந்தி விடாமல் வந்தாலோதான். இந்த மருந்துகள் ஈரலைத் தாக்கக்கூடும். இங்கேதான் நம் ஊர்ப் பத்தியம் குறுக்கே வருகிறது. பிரசவித்தவளுக்குக் கோழியைப் பிராந்தி ஊற்றிச் சமைத்துக் கொடுப்பது மலேசியாவில் பல வீடுகளில் உண்டு. காசநோய் மருந்து சாப்பிடுகிறவளுக்குச் சாராயம் எந்த வடிவத்திலும் ஆகாது. லேகியத்தையும் டாக்டரிடம் காட்டினோம். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியவில்லை, அதனால் அது அலமாரியிலேயே இருந்தது. பூண்டும் மிளகும் போட்ட குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகக் கொடுத்தேன். கூடவே பி6 வைட்டமின் மாத்திரை, ஐசோனியாசிட்டால் கைகால் மதமதப்பு வராமல் இருக்க.

உறவினர்களிடம் காசநோய் என்று சொல்லவில்லை. சோதனைக்கு வர வேண்டியவர்களிடம் சொன்னோம். மற்றவர்களுக்கு வாட்சாப்பில், 'தாய்க்கு நெஞ்சில் சளி, முப்பதாம் நாள் தீட்டுக் கழிப்புக்கு எல்லாரையும் கூப்பிடுகிறோம், அதற்கு முன் வர வேண்டாம்' என்று ஒரே செய்தி. அதில் எனக்கு உறுத்தல் ஏதும் இல்லை. வந்திருந்தால் அவர்களும் ஆளுக்கு ஒரு சளி கொண்டு வந்திருப்பார்கள்.

சளிக் காய்ச்சல் என்னும் இன்ஃபுளுவென்சாவின் கதை வேறு. அது வேகமாக வரும், வேகமாகப் போகும், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளைக்குத்தான் தொற்றும். முகக்கவரி, கை கழுவுதல், பால் கொடுக்காத நேரத்தில் தொட்டிலைத் தள்ளி வைத்தல், இவ்வளவுதான். ஆனால் பிரசவித்த முதல் இரண்டு வாரத்தில் அந்தக் காய்ச்சல் தாயையே மோசமாகப் படுத்தும். அதற்கான மருந்தான ஓசல்டாமிவிரை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். பால் கொடுப்பவர்களும் அதைச் சாப்பிடலாம். பிள்ளைக்கு ஆறு மாதம்வரை அந்தத் தடுப்பூசி போட முடியாது. கர்ப்பத்திலேயே தாய் போட்டுக்கொண்டால் அதன் பாதுகாப்பு பிள்ளைக்கும் போகும். கக்குவான் இருமல் என்றால் தாயோடு சேர்த்துப் பிள்ளைக்கும் ஆண்டிபயாட்டிக் கொடுப்பார்கள். அதில் பச்சைப் பிள்ளை சில சமயம் இருமாமலே, சத்தமில்லாமல் மூச்சை நிறுத்திவிடும். கோவிட் வந்த புதிதில் பல இடங்களில் பிள்ளையைப் பிரித்தார்கள். கவரியும் கை சுத்தமும் இருந்தால் சேர்ந்தே இருக்கலாம், பாலும் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது.

எந்த நோயாக இருந்தாலும், பிறந்து ஒரு மாதத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் வீட்டில் மருந்து தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உடம்பு சில்லிட்டுப் போனாலும் அப்படியே. பால் குடிக்கும்போது சோர்ந்து விட்டுவிடுவது, விலா எலும்பு உள்ளே இழுப்பது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, இவற்றுக்கும் அப்படியே. மூச்சை எண்ணும்போது பிள்ளை தூங்க வேண்டும், சட்டையை மேலே தூக்கி வயிற்றைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பச்சைப் பிள்ளையின் மூச்சு விட்டுவிட்டு வரும், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும். காசநோய்க்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எடை. ஏறாமல் நின்றால் அடுத்த தவணைவரை காத்திருக்காதீர்கள்.

இந்நாட்டில் 1961-இலிருந்து பிள்ளைகளுக்கு பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள், பிறந்தவுடனேயே. எங்கள் பிள்ளைக்கு மட்டும் அப்போது போடவில்லை. ஐசோனியாசிட் அந்தத் தடுப்பூசியில் இருக்கும் உயிருள்ள கிருமியையும் கொன்றுவிடும் என்பதால், மருந்து முடிந்தபிறகுதான் போட்டார்கள். ஹெப்பட்டைடிஸ் பி உட்பட மற்ற ஊசிகள் எல்லாம் உரிய நாளிலேயே போட்டாயிற்று. கிளினிக் மாறினாலோ வேறு தாதி இருந்தாலோ, பிள்ளையின் ஊசிப் புத்தகத்தில் பி.சி.ஜி. கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து ஊசியை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே காரணத்தை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டோம். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நானாகக் கேட்டதால்தான் தெரிந்தது. ஒரு மாதச் சோதனையில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்பார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலத்தில் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, அதன் பலத்தை இது குறைத்துவிடும். காசநோய் மருந்து ஓரிடத்தில், பிரசவச் சோதனை வேறிடத்தில் என்று இருக்கும்போது ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். மாத்திரைப் பொட்டலத்தைக் கையிலேயே கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு, இதற்கு ஒத்துப்போகும் வேறு வழி என்ன என்று கேளுங்கள். இவளுக்குக் கர்ப்பப்பைக்குள் காப்பர் வளையம் வைத்துவிட்டார்கள்.